அளந்த ஆறும் பங்கிட்ட ஆறும்

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளியின் முற்றத்தில் ஒரு மழைமானி இருந்தது. புனல் பொருத்திய உலோகக் குடுவை ஒன்றும், கோடு போட்ட கண்ணாடி அளவுகோப்பை ஒன்றும்தான் அதன் உறுப்புகள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு ஒரு மாணவன் அதனைத் திறந்து அளந்து, பேரேட்டில் குறிப்பான், நான் கையொப்பமிடுவேன். ஐந்து ஆண்டுகள் தவறாமல் குறித்தோம். ஐந்தாண்டு மழையையும் கூட்டி, ஐந்தால் வகுத்து, சராசரி கண்டு, அதனைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை இன்று நினைத்தாலும் நாணம் உண்டாகிறது.

அவ்வாண்டு ஏரிப் பாசனத்தார் கூடி, மேட்டுப் பகுதியில் புதிதாகச் சில நிலங்களுக்கும் ஏரித் தண்ணீர் விடலாமா என்று ஆராய்ந்தார்கள். படித்தவன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். நான் பேரேட்டைக் கொண்டு சென்று, நம் ஊருக்கு ஆண்டுதோறும் இவ்வளவு மழை உண்டு, தாராளமாக விடலாம் என்று சொன்னேன். விட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் பருவமழை பொய்த்தது. புதிய நிலமும் காய்ந்தது, பழைய நிலமும் காய்ந்தது.

ஒரு நாள் மாலை, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை ஏரி மதகுக்கு அழைத்துச் சென்றார். நீர் வற்றியதால் வெளியே தெரிந்த மதகுக் கல்லின் அடியில், வெவ்வேறு மட்டங்களில் உளிக் கீறல்கள் இருந்தன. பஞ்ச காலங்களில் தண்ணீர் நின்ற மட்டங்கள் அவை என்றார். பிறகு, கடுமை சிறிதும் இல்லாத குரலில், "ஐயா, உங்கள் புத்தகத்தில் இருப்பது ஐந்து வருஷம். இந்தக் கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றார். நான் விடை கூறாமல் நின்றேன்.

பின்னாளில் அமெரிக்க நாட்டின் கொலராடோ ஆற்றினை அந்நாட்டு அரசினர் அளந்த வரலாற்றைப் படித்தபோது, ஓர் ஏரிக்கு நான் செய்த பிழையை ஒரு பெரும் நாடு ஓர் ஆற்றுக்குச் செய்திருப்பதைக் கண்டேன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கொலராடோ ஆறு ராக்கி மலைத்தொடரின் பனிமுடிகளில் பிறந்து, ஏறத்தாழ 1,450 மைல் ஓடி, மெக்சிகோ நாட்டினுள் புகுந்து, கலிபோர்னியா வளைகுடாவில் கலப்பதற்கென்று இயற்கை அமைத்த ஆறு. செம்மண் கலந்து ஓடியமையால் ஸ்பானியர் அதற்குச் செந்நிறத்தைக் குறிக்கும் கொலராடோ என்ற பெயரை இட்டனர். அதன் படுகை காவிரிப் படுகையைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு பரப்புடையது. ஆயினும் அப்பரப்பில் பெரும்பகுதி பாலை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள யூமா நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை மூன்று அங்குலத்தை ஒட்டியதே. மலைப்பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் ஆறு கரை புரளும். குளிர்காலத்தில் மெலிந்து கிடக்கும். ஓராண்டு பொங்கும் ஆறு மற்றோராண்டு அதிற் பாதியும் தராது. இத்தகைய ஆற்றை நம்பி ஏழு மாநிலங்கள் இருக்கின்றன.

அமெரிக்க அரசு தன் நிலவியல் ஆய்வுத் துறையை 1879 ஆம் ஆண்டு நிறுவியது. பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்வதே அதன் முதற் பணி. 1881 இல் அத்துறையின் இரண்டாம் தலைவராக வந்தவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் 1862 ஆம் ஆண்டு வலக்கையை இழந்தவர். அந்த ஒற்றைக் கையுடன் 1869 இல் சிறு படகுகளில் கொலராடோவின் பெரும் பள்ளத்தாக்கினைக் கடந்து வந்தவர். மேற்கு நிலங்களின் தலைவிதி மண்ணில் இல்லை, நீரில் இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. நீர் எவ்வளவு என்று அறியாமல் நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் குடியேறியவர்கள் வாடுவார்கள் என்று அவர் ஓயாமல் எச்சரித்தார்.

எனவே 1888 ஆம் ஆண்டு பாசன ஆய்வு ஒன்று தொடங்கப்பெற்றது. ஆற்றின் ஓட்டத்தை அளக்கத் தெரிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆதலால் நியூ மெக்சிகோவில், ரியோ கிராண்டி ஆற்றங்கரையில் எம்புடோ என்ற இடத்தில், பிரடெரிக் நியூவெல் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் ஒரு பயிற்சி முகாம் அமைந்தது. அக்குளிர்காலம் முழுவதும் இளைஞர்கள் கூடாரங்களில் தங்கி, மிதவைகளில் ஏறி, ஆற்றை அளக்கும் வித்தையைத் தாமே கண்டு தாமே கற்றனர். 1889 இன் தொடக்கத்தில் அங்கே நிலையான ஆற்று அளவை நிலையம் ஏற்பட்டது. அத்துறையின் முதல் நிலையம் அதுவே. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் எனக்கு இந்த முகாம் மிகவும் உவப்பானது. ஆசானும் மாணவரும் ஒருங்கே கற்ற பள்ளி அது.

ஆற்றை அளப்பது எங்ஙனம்? ஓடுகின்ற நீரைப் படி கொண்டு முகக்க இயலாது. முதலில் ஆற்றின் குறுக்கே ஒரு வடத்தைக் கட்டி, அகலத்தைப் பல கூறுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கூற்றிலும் ஆழத்தை அளப்பார்கள். அகலத்தை ஆழத்தால் பெருக்கினால் அக்கூற்றின் குறுக்குப் பரப்பு கிடைக்கும். அடுத்து வேகம். மேற்பரப்பில் நீர் விரையும். அடித்தளத்தில் உராய்வினால் தயங்கும். ஆகவே மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஒரு கருவியை இறக்குவார்கள். காற்றின் வேகத்தை அளக்கச் சுழலும் கிண்ணங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவை போன்ற கிண்ணங்கள் நீரோட்டத்தால் சுழல, சுற்றுக்கு ஒரு முறை மின்கம்பி வழியே ஒரு சிற்றொலி கரையிலோ படகிலோ இருப்பவர் காதில் விழும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவ்வொலிகளை எண்ணினால் வேகம் தெரியும். பரப்பை வேகத்தால் பெருக்கி, எல்லாக் கூறுகளையும் கூட்டினால், நொடிக்கு எத்தனை கன அடி நீர் ஓடுகிறது என்பது புலனாகும்.

இதனை நாள்தோறும் செய்வது கடினம். ஆகவே நீர் மட்டம் உயர்ந்த நாளிலும் தாழ்ந்த நாளிலும் பல முறை அளந்து, இன்ன மட்டத்துக்கு இன்ன ஓட்டம் என்று ஒரு வளைகோடு வரைந்து கொள்வார்கள். பிறகு கரையில் நட்ட அளவுகோலில் ஒருவர் நாள்தோறும் மட்டத்தைப் பார்த்துக் குறித்தால் போதும். வெள்ளத்தால் ஆற்றின் அடித்தளம் மாறிவிட்டால் வளைகோட்டையும் மாற்ற வேண்டும். பொறுமை ஒன்றே முதலாகக் கொண்ட தொழில் இது. இவ்வாறு சேர்ந்த அளவுகளைத் துறையினர் நீர்வள அறிக்கைகள் என்ற வரிசையில் நூல்களாக அச்சிட்டு, விரும்புவோர் படிக்குமாறு வெளியிட்டனர்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. 1902 ஆம் ஆண்டு, மேற்கு நிலங்களில் அணைகளும் கால்வாய்களும் கட்டுவதற்கென ஒரு தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1905 இல் கொலராடோ ஆறு கால்வாய் ஒன்றின் வாயை உடைத்துக்கொண்டு கலிபோர்னியாவின் தாழ்நிலத்தில் பாய்ந்தது; 1907 இல்தான் அதனை மீண்டும் பழைய போக்கில் திருப்ப முடிந்தது. அந்த வெள்ளம் நிரம்பிய பள்ளமே இன்று சால்ட்டன் கடல் என்று பெயர் பெற்றுள்ள ஏரி. பெரிய அணை ஒன்று வேண்டும் என்ற குரல் வலுத்தது.

இந்நிலையில் நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த லா ரூ என்ற நீரியல் பொறியாளர், கொலராடோ ஆறு பற்றிய விரிவான அறிக்கை ஒன்றினை எழுதினார். 1916 இல் அது நீர்வள அறிக்கை எண் 395 ஆக வெளிவந்தது. படுகையில் பாசனத்துக்கு ஏற்ற நிலம் முழுவதற்கும் தண்ணீர் தர இந்த ஆற்றில் நீர் போதாது என்பது அதில் அவர் கண்ட முடிவு. ஆற்றில் எடுத்த அளவுகளோடு அவர் நின்றுவிடவில்லை. அளவைகள் ஏற்படுவதற்கு முன் ஆறு எப்படி இருந்திருக்கும் என்று வினவினார். அண்டையில் இருந்த பெரும் உப்பேரியின் நீர்மட்டம் பல ஆண்டுகளாகக் குறிக்கப்பட்டு வந்தது. அம்மட்டம் எப்போது தாழ்ந்தது, எப்போது உயர்ந்தது என்று பார்த்து, அதனைக் கொண்டு பழைய வறட்சிகளை ஊகித்தார். நேயர்களே, எங்கள் ஊர்ப் பெரியவர் எனக்குக் காட்டிய மதகுக் கல்லும் இதுவும் ஒன்றுதான் அல்லவா?

1922 ஆம் ஆண்டு ஏழு மாநிலங்களின் பேராளர்களும் ஆற்றைப் பங்கிட்டுக் கொள்ளக் கூடினார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கூடியதற்கு அச்சமே காரணம். முன்னே நீர் எடுத்தவருக்கே முன்னுரிமை என்பது அம்மேற்கு நாட்டு வழக்கம். கலிபோர்னியா விரைந்து வளர்ந்து கொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், இம்முன்னுரிமை மாநில எல்லை கடந்தும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. தாங்கள் எடுக்கத் தொடங்குமுன் கீழேயுள்ளவர்கள் உரிமையை நிலைநாட்டி விடுவார்களோ என்று மேல் மாநிலங்கள் அஞ்சின. கீழ் மாநிலங்களுக்கோ அணை உடனே வேண்டும்.

1922 நவம்பர் 24 ஆம் நாள் சாண்டா பே நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நீர்ப் பங்கினை ஏக்கர் அடி என்னும் அளவால் குறித்தார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. மேற்படுகைக்கு ஆண்டொன்றுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி. இரண்டும் சேர்ந்து 1 கோடியே 50 லட்சம். நாம் பழகிய கணக்கில் இது ஏறத்தாழ 653 டி.எம்.சி. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், காவிரியின் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007 இல் கணித்ததை நினைவிற் கொள்ளலாம். புகழால் பெரிய அந்த ஆறு நீரால் நம் காவிரிக்குச் சற்றே இளையது.

இந்த எண்ணுக்கு அடிப்படை எது? நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் கீழே யூமாவில் எடுத்த பதிவுகளே. இரு படுகைகளின் எல்லையாகக் குறித்த லீஸ் பெரி என்ற இடத்தின் அருகே அளவை நிலையம் ஏற்பட்டதே 1921 இல்தான். அங்கே ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சம் ஏக்கர் அடிக்கும் மேல் வரும் என்று பேராளர்களுக்கு எடுத்துக் காட்டப்பட்டது. அவ்விருபது ஆண்டுகளோ வழக்கத்துக்கு மாறாக நீர் மிகுந்த ஆண்டுகள். அளவுகள் பொய்யல்ல. அளந்த காலம் குறுகியது. அதுவும் செழித்த காலம். லா ரூவின் எச்சரிக்கை அச்சில் ஏறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் பெரிய எண்ணை வைத்துக்கொண்டால் ஒவ்வொருவரும் நிறைந்த கையோடு ஊர் திரும்பலாம். சிறிய எண்ணை வைத்தால் யாராவது குறைத்துக்கொள்ள வேண்டும். மனிதர் எந்த எண்ணை விரும்புவர் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அந்த அவையில் ஆற்றங்கரைத் தொல்குடிகளுக்கு இடம் இல்லை; மெக்சிகோவுக்கும் இடம் இல்லை.

பங்கீடு முடிந்த மறு ஆண்டில் ஆறு மேலும் நுணுக்கமாக ஆராயப்பட்டதுதான் விந்தை. 1923 ஆகஸ்டு முதல் நாள், கர்னல் பேர்ட்ஸை என்பவரின் தலைமையில் நிலவியல் ஆய்வுத் துறையினர் லீஸ் பெரியிலிருந்து நான்கு படகுகளில் பெரும் பள்ளத்தாக்கினுள் புகுந்தனர். லா ரூவும் அக்குழுவில் இருந்தார். ரேமண்டு மூர் என்ற நிலவியலாரும் இருந்தார். ஆற்றின் சரிவு மைலுக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் பாறை உறுதியானது, எங்கே அணை நிற்கும், எங்கே கசியும் என்று கண்டறிவதே அவர்கள் பணி. அணை என்பது சுவர் மட்டும் அன்று. அதன் அடியிலும் இரு தோளிலும் உள்ள பாறையும் அணையின் பகுதியே. ஆகவேதான் நீர் அளப்பவரும் பாறை பார்ப்பவரும் ஒரே படகில் சென்றனர்.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இப்பயணத்தில் ஒரு செய்தி சுவையாக இருக்கும். அவர்கள் ஒரு வானொலிப் பெட்டியைக் கொண்டு சென்றார்கள். அத்தனை ஆழமான பள்ளத்தில் வானொலி அலை எட்டாது என்று பலர் கருதினர். எட்டியது. குடியரசுத் தலைவர் ஹார்டிங் ஆகஸ்டு 2 ஆம் நாள் இறந்த செய்தி, பாறைச் சுவர்களுக்கிடையே இருந்த அவர்களுக்கு அந்தப் பெட்டியின் வழியே கிடைத்தது. இறுதிச் சடங்கு நாளில் அவர்கள் படகை நிறுத்தி ஓய்ந்திருந்தனர். தங்கிய இடத்தின் நீர்வீழ் விரைவோட்டத்துக்கு அவர் பெயரே இடப்பெற்றது. செப்டம்பரில் பெருவெள்ளம் ஒன்று வந்து ஆற்றை ஏறத்தாழ 20 அடி உயர்த்தியபோது, படகுகளை மேலும் மேலும் மேட்டுக்கு இழுத்து உயிர் தப்பினர்.

1925 இல் லா ரூ தம் இரண்டாம் அறிக்கையை வெளியிட்டார். ஆற்றின் நீரைப் பற்றி அதிலும் அடக்கமான கணக்கையே தந்தார். முதல் பேரணை எங்கே வேண்டும் என்பதில் அவர் அரசின் பெருந்திட்டத்துக்கு மாறுபட்டு நின்றார். 1927 இல் துறையிலிருந்து விலகினார். அணை பிளாக் கேனியன் என்ற இடத்தில் எரிமலைப் பாறைகளிடையே எழுந்து 1935 இல் முடிவுற்றது. 726 அடி உயரமுள்ள அதுவே ஹூவர் அணை. லா ரூ விரும்பிய கிளென் கேனியனிலும் 1963 இல் வேறோர் அணை நீர் தேக்கத் தொடங்கியது. அணைகளின் கட்டுமானம் இன்றும் வியக்கத்தக்கது. குறை அணையில் இல்லை. அணைக்குள் வந்து சேரும் என்று எழுதி வைத்த நீரில் இருந்தது.

1944 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி உறுதி கூறப்பட்டது. ஆக, எழுத்தில் உள்ள பங்கு 1 கோடியே 65 லட்சம். இதற்கிடையே மரங்கள் சாட்சி சொல்ல வந்தன. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்கிறது; ஈரமான ஆண்டில் வளையம் அகலும், வறண்ட ஆண்டில் குறுகும். படுகையில் உள்ள முதிய மரங்களின் வளையங்களை ஆராய்ந்த ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இருவர், பல நூற்றாண்டுகளின் சராசரி 1 கோடியே 35 லட்சம் ஏக்கர் அடியை ஒட்டியதே என்று 1976 இல் அறிவித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் அந்நீண்ட காலத்தில் மிகச் செழித்த பகுதிகளுள் ஒன்று என்பதும் அப்போது தெளிவாயிற்று.

2000 ஆம் ஆண்டுக்குப்பின் வெப்பம் மிகுந்து, பனி குறைந்து, ஆறு மேலும் மெலிந்தது. அதன் சராசரி 1 கோடியே 25 லட்சத்தை ஒட்டி இறங்கியது. 2021 ஆகஸ்டில் ஹூவர் அணையின் மீட் நீர்த்தேக்கத்துக்குப் பற்றாக்குறை என்று வரலாற்றில் முதல் முறையாக அரசு அறிவித்தது. 2022 ஜூலையில் அதன் கொள்ளளவில் 27 விழுக்காடே நீர் இருந்தது. முன்பு நீர் நின்ற மட்டம் கரைப் பாறைகளில் வெண்ணிற வளையமாகத் தெரிந்தது. ஏறத்தாழ 4 கோடி மக்கள் இந்த ஆற்றை நம்பி வாழ்கிறார்கள். கடலில் கலக்க வேண்டிய ஆறு, 1960 களிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் கடலைக் காண்பதில்லை.

இதனால் ஆய்வே வீண் என்று எவரும் எண்ணலாகாது. எம்புடோவில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒலிகளை எண்ணிய இளைஞர்கள் இல்லையேல், பிழை நேர்ந்தது என்பதைக்கூட உலகம் அறிந்திராது. ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதத் துணிவு வராத காலத்திலும், லீஸ் பெரியின் அளவைப் புத்தகம் நாள்தோறும் உண்மையை எழுதிக்கொண்டே வந்தது. அளந்தவன் கணக்கில் குறைவு என்று வரும்போது, அதனைக் கேட்பவனுக்குக் காது வேண்டும். சராசரி என்பது நல்ல ஆண்டையும் தீய ஆண்டையும் கலந்து வைத்த எண். உழவன் சராசரி ஆண்டில் பயிர் செய்வதில்லை. அந்தந்த ஆண்டில் பயிர் செய்கிறான். ஆதலால் பங்கிடுமுன், மிகக் கெட்ட ஆண்டில் எவ்வளவு வந்தது, அத்தகைய ஆண்டுகள் தொடர்ந்து எத்தனை வந்தன என்று கேட்டாக வேண்டும்.

நான் ஓய்வு பெறுமுன் பள்ளி மழைப் பேரேட்டின் முதற் பக்கத்தில் ஒரு குறிப்பினை எழுதினேன். மதகுக் கல்லில் கண்ட கீறல்களின் உயரத்தை மாணவர்களைக் கொண்டு அளந்து, அவற்றை வரிசையாகக் குறித்தேன். அதன்கீழ், இப்புத்தகத்தின் சராசரியைப் பார்ப்பவர் முதலில் இப்பக்கத்தைப் பார்க்க என்று எழுதிக் கையொப்பமிட்டேன். உங்கள் ஊர் ஏரியிலும் கிணற்றிலும் அத்தகைய கல் ஏதேனும் இருக்கக்கூடும். அடுத்த கோடையில் நீர் வற்றும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று, அதனைத் தேடிப் பாருங்கள்.